ஓரம் அடிக்கிற வேலை

“வேலை பார்க்கிற மேசைக்கு எதுக்கு டீச்சர் பீடிங்கெல்லாம்? பொம்பளைங்களுக்குத்தான் இந்த அலங்காரப் புத்தி வரும்.”

மரக்கடையில் நின்றுகொண்டிருந்த ஓர் ஆசாரி என்னிடம் சொன்னது இது. கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைக்காரரும் சிரித்தார். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். வீடு வரும்வரை என்னை உறுத்தியது என் சிரிப்புதான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரிமளத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருக்கிறது. அப்பாவின் அம்பாசிடரை விற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது. அதன் பிறகு அங்கே உர மூட்டையும் தென்னம்பாளையும் ஓடாத மிக்சியும்தான். புத்தக அலமாரியின் கதவு கீல் விட்டுத் தொங்கியது. மூன்று மாதம் “நாளைக்கு வர்றேன் டீச்சர்” கேட்டுச் சலித்து, ஒரு கோடை விடுமுறையில் ஷெட்டைக் கழுவிவிட்டேன். கதவைச் சரிசெய்ய முதலில் அதைக் கிடத்த ஓர் இடம் வேண்டும். வீட்டிலிருக்கிற பரப்பெல்லாம் ஏற்கெனவே வேறு வேலைக்கு எழுதிவைத்தவை. அடுப்படி மேடை, சாப்பாட்டு மேசை, அம்மாவின் கட்டில். ஆகவே ஒரு மேசை செய்வது என்று முடிவாயிற்று.

எட்டுக்கு நாலு பிளைவுட், 19 மில்லிமீட்டர் கனம். கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாங்கினேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெவிக்கால் வைத்து ஒட்டி அடியிலிருந்து திருகாணி முடுக்கினால், எட்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகை. கால்களுக்கு இடித்த வீட்டுச் சட்டங்கள். உயரம் 30 அங்குலம். நான் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம் அது. மரம் இழைப்பதற்கு அதுதான் கணக்கு. இந்த முப்பதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வருகிறது. இருபது வருடமாக நான் நின்று சமைக்கிற மேடையின் உயரத்தை ஒரு கொத்தனார் தன் இடுப்பை வைத்து முடிவு செய்தார். (“போதுமா சார்?” என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அப்பா அந்த மேடையில் ஒரு தம்ளர்கூடக் கழுவியதில்லை.)

பிளைவுட்டின் முகம் வழுவழுப்பாக இருக்கும். ஓரத்தைப் பார்த்தால்தான் உள்கதை தெரியும். மெல்லிய மர ஏடுகளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். ஒன்றின் ரேகை நீளவாக்கில், அடுத்ததன் ரேகை குறுக்குவாக்கில். நடுநடுவே பொந்து. அறுத்த வாயை அப்படியே விட்டால் சிலாம்பு நிற்கும். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும், அடுக்கு உப்பிப் பிரியும். சுத்தியல் ஒரு தடவை தவறி விழுந்தால் மேலேடு பெயர்ந்து வரும். முதல் வாரத்திலேயே என் உள்ளங்கையில் சிலாம்பு ஏறியது. காட்டன் புடவையின் கொசுவம் இரண்டு முறை மாட்டிக் கிழிந்தது. வேலை மேசையில் நாம் அதிகம் தொடுகிற இடம் அதன் ஓரம். வயிறு சாய்வது அங்கே, கை ஊன்றுவது அங்கே, கிளாம்ப் போட்டு மரத்தைப் பிடிப்பது அங்கே. அதற்குக் கெட்டி மரத்தில் ஒரு சட்டம் அடிப்பது அலங்காரம் என்றால், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் அலங்காரம்தான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அலங்காரத்தைப் பழிப்பது வேறு விசேஷம். நகரத்தார் ஊர்களில் அரிமளமும் ஒன்று. பர்மாத் தேக்கில் செய்த வாசல் நிலைகளைப் போய்ப் பாருங்கள், விரற்கடை இடம் விடாமல் கொடியும் பூவும் ஓடும். அதைப் பார்த்து யாரும் பொம்பளைப் புத்தி என்று சொன்னதில்லை. கைவண்ணம் என்கிறோம், படம் எடுக்கிறோம். அதே வீட்டுக்குள் கட்டு கட்டாகப் பின்னால் நடந்து போனால், பெண்கள் புழங்குகிற அடுப்படிக்கு வருவதற்குள் அந்த வேலைப்பாடெல்லாம் தேய்ந்து வெறும் சட்டமாகிவிடும். ஆண் பார்க்க வைத்தால் அது கலை. பெண் தன் வயிற்றில் சிலாம்பு ஏறாமலிருக்கக் கேட்டால் அலங்காரம்.

எனக்கு ஓரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தது ஓர் அக்கா. என் மாணவி ஒருத்தியின் பெரியம்மா. பக்கத்து ஊர், தச்சர் வீடு. பேரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இடித்த வீட்டு நிலையிலிருந்து அறுத்த தேக்கு ரீப்பர்கள் கொண்டுவந்தார். மேசையின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருப்பதால் முன்பக்கம் எட்டடியும் இரண்டு பக்கம் இரண்டிரண்டு அடியும் போதும், மொத்தம் பன்னிரண்டு அடி. பலகையின் கனம் 38 மில்லிமீட்டர், அவர் கொண்டுவந்த ரீப்பர் 40. “அறுத்தது தப்பாப் போச்சாக்கா?” என்று கேட்டேன். “தப்பில்ல டீச்சர், அந்த ரெண்டு மில்லி மேல துருத்திக்கிட்டு நிக்கணும். ஒட்டிக் காஞ்சப்புறம் இழைச்சு எறக்கலாம். பள்ளமாப் போனா பிளைவுட்டையா இழைச்சு எறக்குவீக?”

நான் டேப்பை எடுத்தேன். அதைக் கீழே வைக்கச் சொன்னார். “அளந்து வெட்டுனா இடுக்கு விழும். கட்டைய அது உக்கார்ற எடத்துலயே வச்சுக் கோடு போடுங்க.” மூலையில் இரண்டு சட்டங்களும் சேருமிடத்தை 45 டிகிரியில் சாய்த்து வெட்ட வேண்டும். எனக்கு மூன்று தடவை தப்பியது. அப்போது அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். “துண்டுக்கு ஓரம் அடிக்கிறப்ப மூலையில என்னா செய்வீக? ரெண்டு மடிப்பும் ஒன்னுமேல ஒன்னு ஏறி முண்டும்ல? அதுக்குத்தான குறுக்க மடிச்சு உள்ள தள்றோம்? இதுவும் அதேதான்.” துண்டை மடித்துக் காட்டினார். நாலாவது வெட்டு சரியாக வந்தது.

பெவிக்காலை மெல்லிசாக இரண்டு பக்கமும் தடவி, சட்டத்தை வைத்து அழுத்தி, பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலீஷ் பிடிக்காது. தலையில்லா ஆணிக்கு முன்கூட்டியே சின்னத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய தேக்கு வெடிக்கும். ஆணியை மரத்துக்குள் கொஞ்சம் இறக்கி, பள்ளத்தை மரத்தூளும் பெவிக்காலும் குழைத்து அடைக்க வேண்டும். மறுநாள்தான் இழைப்புளி. மேலேட்டைச் சீவிவிடாதபடி இழைப்புளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கடைசிச் சொச்சத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். பிறகு உப்புத்தாள், 80, 120, 220, எப்போதும் ரேகை ஓடும் பக்கமாக. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது மேல்முனையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “கத்தி மாதிரி நிக்கிது, மழுக்குங்க” என்றார். கூர்முனை முதல் அடியிலேயே சிதறிவிடுமாம், மழுங்கிய முனைதான் தாங்குமாம்.

இவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதத்திலிருந்து பட்டறையில் அவர்தான் உப்புத்தாள் தேய்த்தார். அவர்தான் பசை வைத்தார், ஓரம் அடித்தார், ஆணிப்பள்ளம் அடைத்தார், பாலீஷ் போட்டார். முப்பது வருடம். அதற்கு வீட்டில் வைத்திருந்த பேர் ‘கூடமாட ஒத்தாசை’. மூன்று வருடத்துக்கு முன்பு கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து மரம் எடுப்பது, அறுப்பது, துளையிட்டுப் பூட்டுவது எல்லாம் அக்காதான். ஜன்னல், கதவு, கட்டில். வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது, “தம்பி செய்யிறான்.” தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறார். அவருக்கு உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. பொருளைக் கொண்டுபோய் இறக்குவதும் பணம் வாங்குவதும் அவர். வாங்கிய பணத்தில் அவருக்கும் ஒரு பங்கு.

“நான்தான் செஞ்சேன்னு சொன்னா என்னாக்கா?”

“பொம்பள செஞ்ச நெல வீட்டுக்கு ஆகாதும்பாக. நெல வைக்கிற அன்னைக்கு ஆசாரிக்கு வேட்டி துண்டு வச்சுக் கொடுப்பாக. எனக்கு என்னத்த வச்சுக் கொடுப்பாக?”

இதனால்தான் அவர் பேர் இங்கே இல்லை.

வேண்டாத ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டேன். தச்சன் என்பதற்குப் பெண்பால் என்ன? ஒருத்தி ‘தச்சி’ என்றாள், இன்னொருத்தி ‘தச்சத்தி’ என்றாள், மூன்றாமவள் சிரித்தாள். அகராதியில் தட்டாத்தி இருக்கிறாள். அந்தச் சாதிப் பெண் என்று பொருள். தங்கத்தை உருக்கியவள் என்று பொருள் இல்லை. சங்கப் புலவர் வரிசையில் வெண்ணிக் குயத்தியார் இருப்பது ஆறுதல். மண்ணைத் தொடுவதற்குப் பெண்ணுக்கு அனுமதி உண்டு, சக்கரம் யார் கையில் இருந்ததோ தெரியாது. கட்டட வேலைக்கு வாருங்கள். சித்தாள். சிற்றாள்தான் சித்தாள் ஆனது. பதினெட்டு வயதில் சாந்துச் சட்டி தூக்கப் போனவள் அறுபது வயதிலும் சிற்றாள். அவளுக்குப் பின்னால் வந்த பையன் நாலு வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகி, அவளைவிடக் கூடக் கூலி வாங்குகிறான். அவளுக்குச் சுவர் கட்டத் தெரியாதா? நாற்பது வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்தவளுக்குத் தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாதா? பலம் வேண்டும் என்பார்கள். கரண்டியைவிடச் சாந்துச் சட்டி கனம். இழைப்புளியைவிட நிறைகுடம் கனம். கனமானதைப் பெண்ணிடம் கொடுக்க இந்தச் சமூகம் என்றைக்கும் தயங்கியதில்லை. கருவியைக் கொடுக்கத்தான் தயங்குகிறது. கருவி பிடித்தவருக்குத்தான் கூலி கூடும், பேர் வரும், வேட்டி துண்டு வரும்.

அரசாங்கமும் இந்தக் கணக்கைத்தான் எழுதிவைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்கள், தச்சும் அதில் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டிக்குக் கடன். குலத்தொழிலைக் கட்டிக்காக்கும் திட்டம் என்று தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. மாநில அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் அதன் இன்னொரு விதியைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் பலன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அதாவது ஒரு பட்டறையில் இரண்டு பேர் முப்பது வருடம் வேலை செய்தாலும் கைவினைஞர் ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்று எந்த வீட்டிலும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கப் போவதில்லை.

நான் தச்சர் வீட்டில் பிறக்கவில்லை. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. மேசை கோணலாகப் போனால் எனக்கு ஒரு பிளைவுட் நட்டம், அக்காவுக்கு ஒரு மாத அரிசி. ஒரு பேராசிரியை ஷெட்டில் சுத்தியல் பிடித்தால் ‘புரட்சி’ என்று பாராட்டுகிற அதே ஊர், அக்கா பிடித்தால் அபசகுனம் என்கிறது. இதைச் சொல்லாமல் என் மேசையைப் பற்றி மட்டும் பெருமையடித்தால் அது வெறும் மினுக்கு.

ஔவையாரைப் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். புறநானூறு 87இல் அதியமானின் பகைவரை எச்சரிக்க அவருக்கு ஓர் உவமை வேண்டியிருக்கிறது. நாளுக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்டவன் எங்கள் வீரன் என்கிறார். பட்டறையைப் பார்த்தவள் சொல்கிற உவமை இது. வேகத்துக்கும் நேர்த்திக்கும் உள்ள தூரத்தை நாள்கணக்கில் அறிந்தவள். 206இல் இன்னும் ஒரு படி போகிறார். பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாயில்காவலனிடம் கோபமாகப் பேசுகிற பாட்டு அது. யாழை எடுத்தாயிற்று, கருவிப்பையைச் சுருக்கிக் கட்டியாயிற்று. மழுவோடு காட்டுக்குள் நுழைகிற தச்சனின் கைதேர்ந்த சிறாருக்கு எங்கு திரும்பினாலும் மரம் இருப்பதுபோல, எங்களுக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்கிறார். தன்னைத் தச்சர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக்கொண்ட பெண். அங்கே ‘சிறார்’ என்ற சொல் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் என் மனக்கண்ணில் நின்றவர்கள் பையன்கள்தான். ஒருமுறைகூட ஒரு சிறுமியின் கையில் நான் அந்த மழுவைக் கொடுத்ததில்லை. பெண்ணிய வாசிப்பு என்று ஆய்வேடு எழுதியவள் நான்.

நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உடலை எழுதினோம், மொழியை எழுதினோம், அடுப்படியை எத்தனையோ கவிதையில் கொளுத்தினோம். பல்பு ஹோல்டர் கழன்றால் போன் போட்டு ஓர் ஆணைக் கூப்பிடுகிறோம். அவர் வருகிறவரை இருட்டில் உட்கார்ந்து பெண்ணியம் படிக்கிறோம். இதில் நானும் அடக்கம், நாற்பத்து மூன்று வயது வரைக்கும்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு அதுவே பிடித்துப்போயிற்று, நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே. எங்கள் சித்தி அப்படித்தான் என்னை வைத்து ஓட்டினார். தெருவில் அன்றைக்குப் பேசிய பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேசியவர்கள் இரண்டு வருடத்தில் தங்கள் மனைவிமாரைத் தண்ணீருக்குச் சைக்கிளில் அனுப்பினார்கள். ஆனால் பாருங்கள், எங்கள் தெருவில் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்ட வந்தது, பஞ்சர் ஒட்ட வரவில்லை. அந்தக் கடை இன்றைக்கும் ஆண்களுடையது. ஓட்டுவதால் தண்ணீர் சீக்கிரம் வீட்டுக்கு வந்தது, அதனால் விட்டுக்கொடுத்தார்கள். ஒட்டுவதால் வீட்டுக்கு என்ன லாபம்?

கேரளத்தில் ஏற்றுமானூரில் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்துவேலையும் தச்சுவேலையும் முறையாகக் கற்றுக்கொடுக்கிறது. நம் ஐ.டி.ஐ.களில் தச்சர் பிரிவு இருக்கிறது, ஒரு வருடப் படிப்பு. என் மாணவிகளின் தங்கைகளிடம் கேட்டால், அப்படியொன்று தங்களுக்கும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். தையலும் கம்ப்யூட்டரும்தான் காதில் விழுந்திருக்கிறது. சேர்க்கை நேரத்தில் பெண்பிள்ளையைப் பார்த்துத் தச்சு என்ற வார்த்தையைச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். தையல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 45 டிகிரி எனக்குப் புரிந்ததே துண்டின் மடிப்பில்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கைவினைஞர் என்கிற விதியை எடுங்கள். சித்தாளாகப் பத்து வருடம் வேலை பார்த்தவளுக்குக் கரண்டி கொடுங்கள், சொதப்பினால் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அவளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பட்டறைப் பெண்கள் தேய்க்கிற உப்புத்தாளுக்குக் கூலி எழுதுங்கள்.

மேசை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முன்பக்க ஓரம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மினுங்குகிறது. இடது மூலையில் மட்டும் மழைக்காலத்தில் மயிரிழை அளவு திறந்தது. அது நான் வெட்டிய மூலை.

அக்காவின் பட்டறை தெருவைப் பார்த்தது. பகலில் அங்கே அறுக்க முடியாது. இப்போது சனிக்கிழமைகளில் பஸ்ஸேறி இங்கே வருகிறார். அறுத்த சட்டங்களைத் தம்பி வேனில் இறக்கிவிட்டுப் போவார். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம்வரை இழைப்பார். பள்ளத்தூருக்குப் போகிற இரண்டு ஜன்னல்கள் போன வாரம் இந்த மேசையில்தான் பூட்டப்பட்டன. சத்தம் தெருவரை கேட்கும். எதிர்வீட்டு ஆச்சி, “என்னா ஆத்தா, சனிக்கிழமையானா ஆசாரி வந்துர்றாரா?” என்று கேட்டார்.

என்ன சொல்வது என்று அக்காவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அவர் சொல்லச் சொன்னதையே சொன்னேன்.

“இல்லங்காச்சி, நான்தான்.”